நிறுத்தல் அளவை

போன வாரம் எர்ணாவூரில் தெரிந்தவர் வீட்டுக் கிரகப்பிரவேசம். காலையிலேயே வந்துவிட வேண்டும் என்று போனில் இரண்டு முறை சொல்லியிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது சாம்பார் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். குற்றம் என்னுடையது அல்ல. எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்க, நடுவில் என் ஆட்டோ மாட்டிக்கொண்டது. முன்னால் நின்ற லாரியின் பின்சக்கரத்திலிருந்து லேசாகப் புகை. பின்னாலேயே அந்த நெடி. மயிர் பொசுங்கினால் ஒரு வாசனை வருமே, அதில் கொஞ்சம் தீய்ந்த ரப்பரைக் கலந்துகொள்ளுங்கள். என் மூக்குக்கு இப்போதெல்லாம் மல்லிகையும் மண்ணெண்ணெயும் ஒன்றுதான். ஆனால் இந்த நெடியை மட்டும் அது மறக்கவில்லை.

“இன்னா நாத்தம் பார்த்தியா பெர்சு? பிரேக்க மெரிச்சுகினே வந்துகிறான்” என்றார் ஆட்டோக்காரர்.

“சூடு, லோடு, ஸ்பீடு” என்றது என் வாய், என்னைக் கேட்காமலே.

“இன்னாது?”

“ஒண்ணுமில்லப்பா” என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார். வயதானவர்கள் தங்களுக்குள்ளே பேசிக்கொள்வது இந்த ஊரில் சகஜம்.

ஒன்றுமில்லாதது அல்ல. உங்களிடம் சொல்லலாம். அதே சாலையில், வெள்ளைக்காரன் கப்பலேறிக் கொஞ்ச காலமே ஆகியிருந்தபோது, எனக்கு ஒரு விசித்திரமான வேலை இருந்தது. ஒரு கார் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அளப்பதுதான் வேலை. ஓட்டுவது அல்ல, நிறுத்துவதும் அல்ல, அளப்பது. பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனாராக வரவேண்டியவர், “மாப்பிள்ளை என்ன செய்கிறார்?” என்று கேட்க, நான் இதை விளக்கி முடித்ததும், “அப்படியென்றால் கார் ஓட்டத் தெரியாதா?” என்று கேட்டார். அந்தச் சம்பந்தம் அங்கேயே நின்றுவிட்டது. எத்தனை அடியில் நின்றது என்று அளக்க எனக்கு மனம் வரவில்லை.

கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இப்போது அது இல்லை. இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், என் வாயால் அதற்கு விளம்பரம் வேண்டாம். திருவொற்றியூரைத் தாண்டி, தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே கார்களுக்கான பிரேக் கட்டைகள் செய்தார்கள். அதுவரை கட்டை என்றால் கப்பலில்தான் வரும். இனிமேல் நம் ஊர்க் கட்டையில் நம் ஊர்க் கார் நிற்கும் என்று திறப்பு விழாவில் ஒருவர் பேசினார். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். நான் கொஞ்சம் அதிகமாகவே தட்டினேன் என்று ஞாபகம்.

பிரேக் என்பது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்துக் காரில் சக்கரத்துக்குள்ளே ஒரு இரும்புச் சட்டி இருக்கும். காலால் மிதித்தால் உள்ளே இருக்கிற இரண்டு கட்டைகள் விரிந்து சட்டியின் சுவரை அழுத்தும். உரசி உரசிச் சக்கரம் நிற்கும். உரசினால் சூடு பிறக்கும். சூடு ஏற ஏறச் சட்டி விரியும், கட்டை வழுக்கும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் கால் பலகை வரைக்கும் போகுமே தவிர வண்டி நிற்காது. ஆகவே எவ்வளவு சூட்டில், எவ்வளவு பாரத்தில், எவ்வளவு வேகத்தில் கட்டை கைவிடுகிறது என்று பார்க்க வேண்டும். இதைத்தான் எங்கள் இன்ஜினியர் தினமும் காலையில் மந்திரம் மாதிரி சொல்லுவார்: “சூடு, லோடு, ஸ்பீடு.”

இன்ஜினியர் நம் ஊர்க்காரர்தான். சீமையில் படித்துவிட்டு வந்தவர். எண்ணூர் வெயிலில் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு குடை பிடித்து நிற்பார். தொழிலாளிகள் அவருக்கு ‘சூட்டு துரை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கோட்டு சூட்டுக்காகவா, பிரேக் சூட்டுக்காகவா என்று யாரும் பிரித்துச் சொன்னதில்லை. கெட்டிக்காரர். அதை இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கெட்டிக்காரத்தனம் இருந்த அளவுக்கு அந்த மனிதரிடம் வேறு ஏதாவது இருந்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

சோதனை வண்டி, யுத்தத்துக்கு முந்தைய ஒரு பழைய திறந்த கார். ஏதோ ஜமீன் வீட்டில் கல்யாண ஊர்வலம் போனதாம். பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்திருந்தோம். ஓட்டுகிறவர் தனகோட்டி. வியாசர்பாடிக்காரர், முப்பது வயது இருக்கும். யுத்த காலத்தில் ராணுவ லாரி ஓட்டியவர். சோதனை டிரைவர் என்கிற உத்தியோகத்தில் அவருக்கு ஒரு தனி கர்வம் இருந்தது. “எல்லாவனும் வண்டி ஓட்டுவான் நைனா. நிறுத்தறதுக்குன்னே சம்பளம் வாங்கறவன் மெட்ராஸ்லயே நான் ஒருத்தன்தான்” என்பார். மனைவி, மூன்று பெண் குழந்தைகள், கண் தெரியாத அப்பா, எல்லோரும் அந்த ஒரு காலை நம்பி இருந்தார்கள். பிரேக்கை மிதிக்கிற வலது காலை.

சாலையின் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவேன். தனகோட்டி முப்பது மைல் வேகத்தில் வந்து, முன்சக்கரம் கோட்டைத் தொட்டதும் மிதிப்பார். வண்டி நின்ற இடத்திலிருந்து கோடு வரைக்கும் நான் டேப் பிடித்து அளப்பேன். பிறகு நாற்பது மைல். பிறகு திரும்பத் திரும்ப. மலை இல்லாத ஊரில் பிரேக்கைச் சூடாக்க வேறு வழி இல்லை. ஓடு, நில், ஓடு, நில். உப்பளத்திலிருந்து வருகிற மாட்டு வண்டிகள் என் சுண்ணாம்புக் கோட்டை மிதித்து அழித்துவிட்டுப் போகும். நான் மறுபடி போடுவேன். கோலம் போடுகிற மருமகளுக்குக்கூட இவ்வளவு பொறுமை இருக்காது.

சூடும் வேகமும் சரி. லோடுதான் தொல்லை. முதலில் கடற்கரை மணலை மூட்டை கட்டி ஏற்றினோம். ஈரமாக இருந்தால் ஒரு எடை, காய்ந்தால் ஒரு எடை. சாக்கு கிழிந்து மணல் சக்கரத்துக்குள் போய்க் கட்டையைத் தின்றது. முழு பாரம், பாதி பாரம், வெறும் வண்டி என்று மாற்றி மாற்றி ஏற்றி இறக்க ஆள் வேறு வேண்டும். ஒரு நாள் பகலில், துரை குடைக்குக் கீழே நின்று இதையெல்லாம் பார்த்துச் சலித்துக்கொண்டிருந்தபோது, திருவொற்றியூரில் மீன் விற்றுவிட்டு நான்கு பெண்கள் வெறுங்கூடையோடு குப்பத்துக்கு நடந்து போனார்கள். துரையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாம் இப்படித்தான் வருமாம்.

“தனகோட்டி, அவங்களைக் கூப்பிடு. வீடு வரைக்கும் சும்மா விட்டுடறோம்னு சொல்லு” என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் பகலில் அந்த நான்கு பேரும் வந்து ஏறுவார்கள். நான்கு பேர் என்றால் முழு பாரம். இரண்டு பேரை இறக்கினால் பாதி. துரைக்குப் பரம சந்தோஷம். அவர்கள் காதுபடவே என்னிடம் இங்கிலீஷில் சொன்னார், இதுபோல நல்ல லோடு உலகத்தில் கிடையாது, தானே ஏறுகிறது, தானே இறங்குகிறது என்று. சொல்லிவிட்டு அவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் பதிலுக்குச் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு இன்றைக்கும் ஆறவில்லை.

அவர்களுக்குள் தலைவி அஞ்சலை. கறுத்து, உயர்ந்து, வெற்றிலை போட்ட வாயோடு, நடந்து வந்தால் சாலையே ஒதுங்கும். புருஷன் கட்டுமரத்தோடு போனவன் திரும்பவில்லை. கூடைதான் அவளுக்குப் புருஷன், பிள்ளை எல்லாம். எனக்கு ‘டேப்பு’ என்று பெயர் வைத்தவள் அவள்தான். காரில் முதன்முதலில் ஏறிய அன்று கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஜமீன்தாரிணி மாதிரி உட்கார்ந்தாள். கோட்டில் வண்டி திடீரென்று நின்றதும் நான்கு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். போகப்போக அதுவே பழகிவிட்டது. கோடு வந்ததும் “புட்ச்சுக்கோ!” என்று கோரஸாகக் கத்துவார்கள்.

“இன்னா அண்ணாத்த, வூட்டுக்குப் போறதுக்குள்ள நாலு தபா வூட்டத் தாண்டிப் போறோம்?” என்று அஞ்சலை கேட்பாள்.

“குந்துமே. ராணி மாரி சவாரி வர்ற, நோவுதா உனுக்கு?” என்பார் தனகோட்டி.

ஒரே ஒரு தகராறு வந்தது. அவர்களின் எடை எவ்வளவு என்று துரைக்குத் தெரிய வேண்டும். தராசில் ஏறச் சொன்னால் ஒருத்தியும் ஏறவில்லை. கண் பட்டுவிடும், உடம்பு கரைந்துவிடும் என்றார்கள். கடைசியில் உப்பு டிப்போவின் எடைமேடையில், அவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே காரை ஓட்டி நிறுத்தினோம். வெறும் காரின் எடையைக் கழித்துக்கொள்ளலாம் என்று திட்டம். அஞ்சலை கண்டுபிடித்துவிட்டாள்.

“ஏய் டேப்பு, தராசுலயா நிக்க வச்சிகிற எங்கள? மீனையே நாங்க நிறுத்து விக்கறதில்ல, கூறு கட்டித்தான் விக்கறோம். மனுஷங்கள நிறுத்துப் பார்க்கறியே, நீ இன்னா எமனா?”

அன்றைக்குக் கோபித்துக்கொண்டு இறங்கி நடந்தே போய்விட்டாள். மறுநாள் தனகோட்டிதான் அவளைச் சமாதானப்படுத்தி ஏற்றிக்கொண்டார். என் மேலே மீன் வாசனை ஒட்டிக்கொண்டது அந்தக் காலத்தில்தான். அம்மா என்னைக் கொல்லைப்புறத்தில் நிறுத்தி இரண்டு வாளி ஊற்றிய பிறகே உள்ளே விடுவாள். கார் கம்பெனியில் வேலை என்று சொல்லிக்கொண்டு எங்கே போய்வருகிறான் என்று அவளுக்குச் சந்தேகம் தீரவே இல்லை.

அது நடந்த நாள் நல்ல சித்திரை வெயில். காலையிலிருந்தே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. சக்கரத்தின் மேல் தெளித்த தண்ணீர் தோசைக்கல்லில் விழுந்த மாதிரி சீறியது. நான் சொன்ன நெடி கிளம்பிவிட்டது. துரைக்கு மீதி இருந்தது ஒன்றுதான்: முழுச் சூடு, முழு பாரம், முழு வேகம், மூன்றும் ஒன்றாக. பெண்கள் வந்து ஏறி உட்கார்ந்தார்கள். தனகோட்டி இறங்கிப்போய் துரையிடம் நின்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“சார், மிதி உள்ள போவுது. கொஞ்சம் ஆற வுட்டு ஓட்டலாம்.”

“ஆற வச்சா அப்புறம் எதுக்கு டெஸ்ட்? மலையில இறங்குறவன் ஆற வச்சா இறங்குவான்?”

“அப்ப இவுங்கள எறக்கிட்டு மண்ணு போட்டு பார்க்கலாம் சார்.”

“மண்ணுக்கு இப்ப எங்க போறது? நேரமாகுது, போ.”

இந்த வார்த்தைகளில் ஒன்றைக்கூட நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பின்னால் இதையே எத்தனையோ முறை சொல்ல வேண்டியிருந்ததால் எனக்குப் பாடமாகிவிட்டது.

நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். வண்டி வேகம் எடுத்தது. பின்னால் வழக்கம்போல “புட்ச்சுக்கோ!” என்ற குரல் வந்தது. கோட்டைத் தொட்டதும் தனகோட்டி மிதித்தார். மிதி பலகையில் போய் முட்டியது. வண்டி வெண்ணெயில் கத்தி போல ஓடிக்கொண்டே இருந்தது. எதிரே சாலை முழுக்க உப்பு வண்டிகள் வந்துகொண்டிருந்தன. “கெட்டியா புட்ச்சுக்கோங்கம்மே!” என்று தனகோட்டி கத்தியது கேட்டது. ஒரே ஒடிப்பாக ஒடித்துக் கடற்கரை மணலில் இறக்கினார். சவுக்குத் தோப்பின் ஓரத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. எனக்கு நெற்றியில் சின்னக் காயம். மூன்று பெண்கள் மணலில் உட்கார்ந்து அழுதார்கள். அஞ்சலை அழவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எழுந்திருக்க முயன்று முயன்று பார்த்தாள். எழ முடியவில்லை.

தனகோட்டி அன்றைக்கு அப்படி ஒடிக்காமல் இருந்திருந்தால் இதை உங்களுக்குச் சொல்ல நான் இல்லை. அந்த உப்பு வண்டிக்காரர்களிலும் சிலர் இல்லை. இதை மட்டும் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அஞ்சலையைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். இடுப்பெலும்பில் முறிவு. பிழைத்துக்கொள்வாள், ஆனால் தலையில் கூடை வைத்து நடக்க முடியாது என்றார்கள். கம்பெனியில் விசாரணை வந்தது. வெளி ஆளைக் கம்பெனி வண்டியில் ஏற்றினால் டிரைவருக்கு உடனே சீட்டுக் கிழியும் என்பது சட்டம். ஆகவே கேள்வி ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெண்கள் சவாரியா, லோடா? சவாரி என்றால் தனகோட்டி தன் இஷ்டத்துக்கு ஏற்றியதாக ஆகும். லோடு என்றால் துரை சொல்லி ஏற்றியதாக ஆகும். ஒரு மனுஷனின் பிழைப்பு ஒரு வார்த்தையில் தொங்கியது.

துரை கூசாமல் சொன்னார். “நான் மண் மூட்டைன்னுதான் சொல்லியிருந்தேன். டிரைவர் தெரிஞ்சவங்களை ஏத்திக்கிட்டார்.” மேனேஜர் வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். அவர் என்னைக் கேட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். துரை சொன்ன வார்த்தைகளையும் தனகோட்டி சொன்னதையும் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். மேனேஜர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “நீயும் அவனும் ஒரே தூக்குச்சட்டியில சாப்பிடறவங்களாமே?” என்றார். அதோடு என் சாட்சி முடிந்தது. சீமையில் படித்த கோட்டுக்கு எதிரில் சுண்ணாம்புக் கையின் பேச்சு எடுபடாது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மற்ற மூன்று பெண்களையும் போலீஸ் கேஸ் வந்துவிடும் என்று பயந்து குப்பத்துப் பெரியவர்கள் வர விடவில்லை. மீதி இருந்தவள் அஞ்சலை. தனகோட்டி அவளிடம் எதுவும் கேட்கக் கூடாது என்றார். அவர் மனைவிதான் அவர் பேச்சைக் கேட்காமல் என்னையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். விஷயத்தை விளக்கினோம். “லோடுக்காகத்தான் தினமும் ஏத்தினாங்கன்னு சொல்லு போதும்மா. துரை எதிர்லயே ஏத்தினாங்கன்னு சொல்லு” என்றேன். அஞ்சலை தலையாட்டினாள். “அண்ணாத்த வேலைக்கு ஒண்ணும் வராது. நான் வந்து சொல்றேன்” என்று அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் இருவரும் நிம்மதியாகத் திரும்பினோம். வழியில் நான் அந்த அம்மாளுக்கு ஒரு சோடா வாங்கிக்கொடுத்தேன்.

அடுத்த விசாரணை நாளில் அவளைக் கை வண்டியில் வைத்துக் கூட்டிவந்து, இரண்டு பேர் தாங்கிப் பிடித்து மேனேஜர் அறையில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். துவைத்த சேலை கட்டி, தலை வாரி வந்திருந்தாள். அறையில் மேனேஜர், துரை, இரண்டு குமாஸ்தாக்கள், நான், தனகோட்டி. மேனேஜர் கேட்டார்.

“ஏம்மா, நீ அந்த வண்டியில சவாரியா போனியா, லோடா போனியா?”

அஞ்சலை என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். சொல்லியிருப்பாள், நிச்சயம் சொல்லியிருப்பாள். அதற்குள் துரை குறுக்கே வந்தார். நல்ல தமிழில், ரொம்ப அனுசரணையாக, ஒரு குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

“அவங்களுக்குப் புரியற மாதிரி கேளுங்க சார். லோடுன்னா மண் மூட்டைக்குப் பதிலா போடறது. எடைக்காக. ஏம்மா, நீ மூட்டையா, மனுஷியா? அதைச் சொல்லிடு.”

குமாஸ்தாக்களில் ஒருவன் சிரித்தான். வாய் விட்டுக்கூட இல்லை, மூக்கால்தான் சிரித்தான். அஞ்சலையின் முகம் மாறிப்போனது.

“இன்னா சொன்ன? மூட்டையா? யார்ரா மூட்டை? நான் மனுஷிடா! புருஷன கடலுக்குக் குட்த்துட்டு, ஒருத்தன் கையில ஒண்ணு வாங்காம ஒயச்சு துன்றவ. நான் லோடும் இல்ல, இன்னொண்ணும் இல்ல. சவாரி வந்தேன். ராணி மாரி சவாரி வந்தேன். இதோ நிக்கிறாரே, இந்த அண்ணாத்த, ‘வாம்மே, குந்து’ன்னு மரியாதையா கூப்ட்டு ஏத்திகினு போனாரு. ஒரு காசு வாங்கல. வெயில்ல நடந்து போறாங்களேன்னு அவுரா பார்த்து ஏத்திகினாரு. இவுரு நல்ல மன்சன். இத்த எங்க வேணா வந்து சொல்றேன், கோயில்ல வந்து சொல்றேன்!”

அவளுக்கு மூச்சு வாங்கியது. எப்பேர்ப்பட்ட சாட்சி சொல்லிவிட்டோம் என்கிற பெருமையோடு தனகோட்டியைப் பார்த்தாள். தனகோட்டி இரண்டு கையையும் கூப்பி அவளைக் கும்பிட்டார்.

“போதும்மா” என்றார் மேனேஜர்.

துரை தன் டையைச் சரிசெய்துகொண்டார். அந்தக் கேள்வியை அவர் தெரிந்தே அப்படிக் கேட்டார் என்று நான் சத்தியம் செய்வேன். மூன்று மாதம் அந்த நான்கு பேரையும் ஏற்றி இறக்கியவர், எதற்கு எவ்வளவு சூடு ஏறும் என்று பார்ப்பதே தொழிலாக இருந்தவர். அவருக்கா தெரியாது?

வெளியே வந்ததும் நான் வெடித்துவிடும் நிலையில் இருந்தேன். “என்னம்மா நீ…” என்று ஆரம்பித்தேன். தனகோட்டி என் தோளை இறுக்கிப் பிடித்தார். “இன்னா தப்பா சொன்னேன்? ஒசத்தியாத்தானே சொன்னேன்?” என்று அஞ்சலை கேட்டாள். “கரீட்டா சொன்னம்மே. இத்த விட நல்லா ஒருத்தரு சொல்ல முடியாது” என்றார் தனகோட்டி. அவளைக் கை வண்டியில் தூக்கி வைக்க அவரும் ஒரு கை கொடுத்தார். வண்டி திரும்பிப் போகிற வரைக்கும் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் தனகோட்டியின் சீட்டு கிழிந்தது.

சிலர் சொல்லுவார்கள், அவள் புத்தியில்லாமல் பேசிக் கெடுத்துவிட்டாள் என்று. என் அம்மாகூட அப்படித்தான் சொன்னாள். எனக்கும் கொஞ்ச நாள் அவள்மேல் ஆத்திரம் இருந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்து, நீ மூட்டையா, மனுஷனா என்று கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? மூட்டை என்று சொல்லியிருப்பேன். எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. படிப்பு இருந்தது, எங்கே எதைச் சொன்னால் நல்லது என்று தெரியும்.

அஞ்சலைக்கு விஷயம் ஆடி மாதத்தில்தான் தெரிந்தது. குப்பத்து வாசலில் கம்பை ஊன்றிக்கொண்டு நிற்கிறவள், சோதனைக் காரை வேறு ஒருவர் ஓட்டிப் போவதைப் பார்த்திருக்கிறாள். பின்னால் மண் மூட்டைகள். நான் கோடு போடுகிற இடத்துக்கு நொண்டி நொண்டி வந்தாள். நானும் மறைக்கவில்லை.

“லோடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அண்ணாத்தைக்கு வேல இருந்திருக்குமா?”

“இருந்திருக்கும்.”

கம்பைப் பக்கத்தில் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தாள். திட்டுவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

“அத்த என் வாயால எப்டி நைனா சொல்றது?” என்றாள். அதை அவள் என்னிடம் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு அவள் எந்த வண்டியிலும் ஏறியதில்லை என்று சொன்னார்கள். பஸ் வந்தது, ஏறவில்லை. அந்த இடுப்போடு எங்கே போனாலும் நடைதான்.

தனகோட்டிக்கு வேறு டிரைவர் வேலை கிடைக்கவில்லை. ஆள் ஏற்றிக் கவிழ்த்தவன் என்ற பேச்சு ராயபுரம் முதல் மணலி வரை எல்லா ஷெட்டுக்கும் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. சில வருஷம் கழித்து, நான் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட பிறகு, ராயபுரம் பாலத்தில் அவரைப் பார்த்தேன். கை வண்டி நிறைய இரும்புக் கம்பி ஏற்றி இழுத்து வந்தார். பாலத்து ஏற்றத்தில் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். இறக்கத்தில்தான் ஆளைக் கொல்லும். கை வண்டிக்கு பிரேக் கிடையாது, இழுக்கிறவன் உடம்புதான் பிரேக். இரண்டு குதிகாலையும் தார் ரோட்டில் ஊன்றி, முதுகால் அவ்வளவு பாரத்தையும் தாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு சரிந்து சரிந்து இறங்கினார். நான் ஓடிப்போய்ப் பின்னால் பிடித்துக்கொண்டேன். எதைப் பிடித்தேனோ, எவ்வளவு பிடித்தேனோ, அவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது.

பாலத்தடியில் டீ குடித்தோம். போன வேலையைப் பற்றியோ அஞ்சலையைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. பேச்சு வேறு எங்கெங்கோ போய்விட்டு வந்தபின் கேட்டார்.

“நம்ம கட்ட மார்க்கெட்டுக்கு வந்திச்சா நைனா?”

“வந்துடுச்சு. நல்லா விக்குதாம். அன்னைக்கு வழுக்கினதுக்கு அப்புறம் கட்டைக்குக் கலக்குற மசாலாவ மாத்திட்டாங்க.”

“நிக்குதா?”

“நிக்குது. மலையில கூட நிக்குதாம்.”

“நிக்கட்டும், நிக்கட்டும்” என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார். “வண்டிய நிறுத்தறதுக்குன்னு சேத்தானுங்கோ. அப்பால அஞ்சலைய நிறுத்துப் பார்த்தானுங்கோ. கடைசீல என்னிய நிறுத்திட்டானுங்கோ. எல்லாம் ஒரே வேலதான் நைனா.”

அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. வியாசர்பாடியில் அவர் இருந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள், அடுத்த முறை தேடிப் போனபோது கேட்கக்கூட ஆள் இல்லை. கம்பெனி கொட்டகை இருந்த இடத்தில் கன்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கடல் உள்ளே வந்து குப்பத்தைத் தின்றது, மீதியைக் கருங்கல்லைக் கொட்டி மூடிவிட்டார்கள். சவுக்குத் தோப்பு இல்லை, உப்பு வண்டி இல்லை, நான் கோடு போட்ட சாலைகூட இப்போது வேறு சாலை. துரை மட்டும் ஓய்வு பெறுகிறவரைக்கும் உத்தியோகத்தில் இருந்து, மாலை மரியாதையோடு வீட்டுக்குப் போனார். போன வாரம் அந்தக் கிரகப்பிரவேச வீட்டுக்கு என் பேரன் வந்து என்னைக் காரில் திரும்பக் கூட்டிவந்தான். குறுக்கே ஒரு நாய் ஓடியது. காலை லேசாக வைத்தான், கார் அப்படியே நின்றுவிட்டது. “எப்படி நிக்குது பார்த்தியா தாத்தா, யாரோ நல்லா டெஸ்ட் பண்ணியிருக்காங்க” என்றான். ஆமாம் என்றேன். யார் என்று அவன் கேட்கவில்லை.